ஏழு வீட்டு வெளிச்சம்

என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்ட மூன்றாம் நாள் காலையில் எங்கள் காம்பவுண்டின் குழாயடிச் சண்டை பாதியிலேயே நின்றுபோனது. ஆவுடை குடத்தை ஓங்கிக்கொண்டு மாடசாமியின் மருமகளைப் பார்த்து, உன் வாயில மண்ணு விழ என்று சொல்லத் தொடங்கி, உன் வாயில என்பது வரைக்கும் வந்து, மண்ணுக்குப் பதிலாக ஒரு கொட்டாவி விட்டு, குடத்தைக் கீழே வைத்து, நீயே பிடிச்சுக்கோ எனக்கென்ன என்று வீட்டுக்குள் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் நடந்த சண்டை அது. நான் அந்த நேரம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வெளிச்சத்தைக் குறைக்கிற பட்டனை மூன்றாவது தடவையாக அழுத்தியிருந்தேன். திரையில் வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை, ஒரு மாசமாக ஓயாமல் வந்துகொண்டிருந்த என் அழுகை நின்றிருந்தது.

இதைப் பற்றி ஊருக்குள் ஆளுக்கொரு கதை கட்டித் திரிகிறார்கள், பேய் என்கிறான் ஒருத்தன், செய்வினை என்கிறாள் ஒருத்தி, நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும், அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். என் பேர் வேலுத்தாய். ட்யூஷன் சென்டர்களுக்குக் கேள்வித்தாள் டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் மரக்கடையில் பலகைக்கு அளவு பார்க்கிறவர். எங்கள் காம்பவுண்டு என்பது எதிரும் புதிருமாக ஏழு வீடு, நடுவில் ஒரு சிமெண்ட் முற்றம், முற்றத்துக் கோடியில் ஒரே ஒரு குழாய், அந்தக் குழாய்க்கு வீட்டுக்கு ஒரு நாள் வீதம் கிழமை பிரித்து முறை. முறை நாளில் முதல் குடம் அந்த வீட்டுக்காரருக்கு. தண்ணீர் தேவையோ இல்லையோ, முறைக்காரர் வந்து ஒரு குடமாவது பிடித்துவிடுவார், ஏனென்றால் ஒரு வாரம் விட்டால் மறுவாரம் அந்த முறை நமக்குத்தான் என்பதற்கு என்ன சாட்சி?

ஐப்பசி மழையில் எங்கள் மகள் சந்தனமாரி, பதினொரு வயசு, நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதை இப்போது நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதற்கப்புறம் சீப்பைப் பார்த்தால் அழுகை, புளியைக் கரைத்தால் அழுகை, கேள்வித்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்புக என்று அடித்தால் அழுகை. இவர் அழவே இல்லை; கடைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்காருவார். ஆனாலும் அரைப் பரீட்சை யாருக்காகவும் நிற்காதே, கார்த்திகையில் சென்டர்காரர்கள் கேள்வித்தாள் கேட்க ஆரம்பித்தார்கள், நானும் லேப்டாப்பைத் திறந்தேன், அது உயிர்பிடித்து எழும்புவதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும் போலிருந்தது.

ஐந்தாம் வீட்டு ஜெபசிங்தான், அக்கா இதுக்கு இனிமே விண்டோஸ் தாங்காது, லினக்ஸ் போட்டுத் தாரேன் என்றான். அவன் ஒரு பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன், கல்யாணம் ஆகாதவன், லினக்ஸைப் பற்றி அவன் பேசுகிற உருக்கத்தில் பாதியை சர்ச்சில் காட்டியிருந்தால் இந்நேரம் போதகர் ஆகியிருப்பான். பென் டிரைவைச் சொருகி ஒரு மணி நேரத்தில் போட்டும் முடித்தான். அணைத்துத் திரும்பப் போட்டால் திரை ஒரே இருட்டு. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது, படத்தைக் காணோம். ஜன்னலைச் சாத்தச் சொல்லி, செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னான். உள்ளே எழுத்தெல்லாம் மங்கலாக அதனதன் இடத்தில் இருந்தது. படம் இருக்கு அக்கா, படத்துக்குப் பின்னாடி எரியிற விளக்குதான் எரியல என்றான்.

மெஷின் ஆரம்பிக்கிற வரியிலேயே ஏதோ ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினான், விளக்கு எரிந்தது, எழுத்து ஒவ்வொன்றும் கத்தரிக்காய்ப் பருமனுக்கு வந்தது. மறுநாள் வந்து, வைஃபையை அது அடையாளம் காணவில்லை என்று போனை ஒயரில் மாட்டி எதையோ இறக்கிப் போட்டு எழுத்தைச் சிறிதாக்கினான். இப்போது விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்தது, குறைய மாட்டேன் என்றது. குறைக்கிற பட்டனை அழுத்தினால் திரையில் ஒரு குட்டிச் சூரியன் வந்து, அதன் பக்கத்தில் பத்துக் கட்டத்தில் ஒரு கட்டம் குறைந்ததாகக் காட்டும், கண்ணில் அடிக்கிற வெளிச்சம் அப்படியே நிற்கும். அழுது வீங்கின கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மூன்று தடவை அழுத்தினேன், அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

சாயங்காலம் ஜெபசிங் வந்து சோதிக்கிறேன் என்று பட்டனை மேலே மூன்று தடவை தட்டினான், எனக்கு அழுகை வந்தது, முற்றத்தில் ஆவுடை காலையில் விட்ட இடத்திலிருந்து மண்ணு விழ என்று ஆரம்பித்தாள், மூன்றாம் வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. கீழே மூன்று தட்டு; எல்லாம் நின்றது. மேலே, கீழே, மேலே, கீழே என்று அவன் நாலைந்து தடவை செய்து பார்த்தபோது, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையரான முதல் வீட்டு மாடசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று, வெச்சா ஒரு எடத்துல வைங்கப்பா, மனுசன் அழவா சிரிக்கவா என்று கேட்டார். அப்படித்தான் எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. யாரும் ஆச்சரியப்பட்ட மாதிரி எனக்கு ஞாபகமில்லை. ஆச்சரியத்தையும் அந்த மூன்று கட்டம் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

ஜெபசிங் கறுப்புத் திரையில் தட்டி விளக்குகளின் பட்டியலை எடுத்துக் காட்டினான். ஒரு திரைக்கு ஒரு விளக்குதான் இருக்கணும், இதில் இரண்டு விளக்கோட பேர் இருக்கு, ஒன்று திரைக்குப் பின்னால் எரிகிறது, பட்டன் அதுக்குப் போகாமல் இரண்டாவதுக்குப் போகிறது, அந்த இரண்டாவது எங்கே எரிகிறதென்று மெஷினுக்கும் தெரியல என்றான். எங்களுக்குத் தெரிந்திருந்தது. அது எங்களுக்குப் பின்னால் எரிந்தது. மிளகாயின் உறைப்புக்கும் பல்வலிக்கும் கல்யாணப் புடவையின் சிவப்புக்கும் பின்னால் எரிந்தது. ஒவ்வொரு கட்டம் குறையும்போதும் ரசம் கொஞ்சம் சப்பென்று ஆனது, முதுகு கொஞ்சம் வலி விட்டது, பாட்டு காதுக்கு வெளியிலேயே நின்றுகொண்டது. காம்பவுண்டில் படுத்து எழுந்தவர்கள் எங்கே போனாலும் அது கூடவே போனது. புருஷனோடு சண்டை போட்டு முதல் வீட்டுக்கு வந்த மாடசாமியின் மகள் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, காலையில் என்ன சண்டை என்றே விளங்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். மாடசாமிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும், கீழே ஒரு தட்டு. மூன்றாம் வீட்டுக்காரனுக்கு வேலை போய்விட்டது, ஒரு தட்டு. நாலாம் வீட்டில் நிச்சயதார்த்தம், அன்றைக்கு மட்டும் மேலே இரண்டு தட்டு, பொங்கலுக்கு மேலே ஒரு தட்டு, விருந்தாள் போனதும் பழையபடி கீழே. ஒரே நாளில் ஒருவர் மேலே கேட்க ஒருவர் கீழே கேட்க, பொதுச் சொத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா என்று பேச்சு வந்தது, காம்பவுண்டுக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றே ஒன்றுதான், குழாய்க்குப் போட்ட முறையையே வெளிச்சத்துக்கும் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு கிழமை, கிழமைக்கு ஒரு தட்டு. லேப்டாப்புக்கு பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது, சுவரிலிருந்து பிடுங்கினால் அணைந்துவிடும் என்பதால் அது எங்கள் ஜன்னலோரத்து மேஜையிலேயே இருந்தது, முறைக்காரர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அழுத்திவிட்டுப் போனார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. தேவை இருக்கிறவன் அழுத்தினால் பரவாயில்லை, எங்கள் ஆட்களுக்கு முறையை விட மனசு வராது, தண்ணீர் நிறைந்த வீட்டிலும் குழாயடியில் ஒரு குடம் வைத்துப் பழகினவர்கள், ஒரு துக்கமும் இல்லாத கிழமையிலும் வந்து, நம்ம முறை வீணாப் போகக் கூடாது என்று ஒரு தட்டு கீழே தட்டிவிட்டுப் போனார்கள். மேலே தட்டலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, யாருக்கும் அவசரமாக எதுவும் தோன்றாத அளவுக்கு வந்துவிட்டோம். மாசி பாதியில் குட்டிச் சூரியனுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் மிச்சமிருந்தது. ஜெபசிங் அந்தப் பட்டனுக்குமேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு, ஒன்றுக்குக் கீழே போனால் சில விளக்கு மொத்தமாக அணைந்துவிடும், அணைந்தபிறகு பட்டனுக்குக் கேட்காது, தயவுசெய்து யாரும் தொடாதீர்கள் என்றான். திங்கட்கிழமை முறைக்காரி ஆவுடை, அப்ப என் முறை என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஒரு கட்டத்தில் வாழ்கிறது எப்படி என்று கேட்டால், சுகம்தான், பொய் சொல்லக் கூடாது. விடியும், சமைப்போம், சாப்பிடுவோம், டைப் அடிப்பேன், இவர் வந்து கால் கழுவுவார், படுத்ததும் தூங்குவோம். குழாயடியில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நான் சந்தனமாரியின் சீப்பில் தலை சீவினேன். ஒரு நாள் அவள் வகுப்பு டீச்சர் தேடி வந்து, ஆண்டு விழாவில் கொடுக்காமல் விட்டுப்போன சர்டிஃபிகேட், ஓட்டப் பந்தயத்தில் இரண்டாம் பரிசு என்று நீட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் முடிந்ததா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். லேப்டாப் மேஜையின் ஒரு கால் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. இவர் அந்த சர்டிஃபிகேட்டை நாலாக மடித்து அதற்கு அடியில் கொடுத்தார். மேஜை ஆட்டம் நின்றது. சரியான கனம் என்று நான் நினைத்தேன்.

அப்படி நினைத்தபிறகு கொஞ்ச நேரம் நின்றேன். பெற்றவள் இப்படி நினைக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று தெரிகிற மாதிரி தெரிந்தது, உறைக்கவில்லை. அவள் சாப்பாட்டில் எதை ஒதுக்கி வைப்பாள், எந்தப் பல் முதலில் விழுந்தது, தூக்கத்தில் என்ன உளறுவாள் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. துக்கம் போகிற வழியாகவே பிள்ளையும் போய்க்கொண்டிருக்கிறாள் என்று விளங்கியது. உப்பு வாங்க வேண்டும் என்று ஞாபகம் வைக்கிற மாதிரி, வெளிச்சத்தைப் பத்துக்கு ஏற்ற வேண்டும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

ஜெபசிங் இதற்கிடையில் இந்தக் கோளாறை இன்டர்நெட்டில் ஒரு லினக்ஸ் கூட்டத்தாரிடம் எழுதிக் கேட்டிருந்தான். மாடல் என்ன, வருஷம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, இரண்டாவது விளக்கு எதை எரிக்கிறது என்று கேட்டார்களாம், இவனும் மறைக்காமல் எங்கள் காம்பவுண்டை என்று எழுதினானாம், அவனுக்கு இங்கிலீஷ் வராது போல என்று விட்டுவிட்டார்களாம். பங்குனியில் எந்த நாட்டிலிருந்தோ ஒருத்தன் ஒரே வரியில் பதில் போட்டான்: இது தெரிந்த கோளாறுதான், ஆரம்ப வரியில் இன்ன சொல்லைச் சேர், பட்டன் சரியான விளக்குக்குப் போகும், இரண்டாவது விளக்கு கடைசியாக எந்தக் கட்டத்தில் இருந்ததோ அதிலேயே நின்றுவிடும், பிறகு அதை யாராலும் அசைக்க முடியாது.

அதே வாரம்தான் தெரிந்தது, ஆவுடை ஒரு ஆணியை மிதித்து, மிதித்தது தெரியாமல் எட்டு நாள் நடந்திருந்தாள்; சிலிண்டர் போட வந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னம்மா நாத்தம் என்று கேட்டபிறகுதான் காலைத் திருப்பிப் பார்த்தாள், பாதம் பாதி பச்சையாக இருந்தது. குறையாத திரை வெளிச்சத்தில் கெட்டுப்போன என் கண்ணைப் பார்த்த டாக்டர், இவ்வளவு சிவந்திருக்கே, வலிக்கவே இல்லையா என்று மூன்று தடவை கேட்டார். இனிமேல் தாங்காது, பட்டனைச் சரிபண்ணிவிடலாம் என்று சனிக்கிழமை காலையில் முற்றத்தில் கூடினோம். சரிபண்ணுவதில் தகராறில்லை, எந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டுச் சரிபண்ணுவது என்பதில்தான் ஆளுக்கொரு நாட்டாமை. மாடசாமிக்கு இரண்டு போதும், இந்த வயசுக்கு மேல என்னத்தப் பாக்கப் போறேன் என்றார். அவர் மருமகள் முழுகாமல் இருந்தாள், பிள்ளை பிறந்தால் ஆசையாகப் பார்க்க வேண்டாமா, எட்டு வையுங்கள் என்றாள். ஆவுடை, கால் ஆறுகிற வரைக்கும் ஒன்றே இருக்கட்டும் என்றாள். நான் பத்து என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் வழக்கம்போல, முறை யாருக்கோ முடிவும் அவருக்கு என்று முடிந்தது. மறுநாள் ஞாயிறு, ஜெபசிங்குக்கு சர்ச் விட்டதும் வேலை இல்லை. ஞாயிறு முறை எங்கள் வீட்டுக்கு.

மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு இவரிடம் நாளைக்குப் பத்து வைக்கப் போகிறேன் என்று சொன்னேன். இவர் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, வீட்டுக்கு ஒரு முறைதான் வேலு, அது எனக்கும் சேர்த்துத்தான் என்றார்.

"கார்த்திகைல ஒரு நா கடைக்குப் போகல," என்றார். "ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட போய் உக்காந்திருந்தேன். வண்டி வார நேரம்தான். திடீர்னு ஒன்னுமே தோணல. எதுக்கு வந்தோம்னே தெரியல. எந்திரிச்சு மார்க்கெட்டுக்குப் போய் தக்காளி வாங்கிட்டு வந்தேன். நீ பட்டன அழுத்தின நேரமா இருக்கும்."

அன்றைக்குத் தக்காளி வாங்கி வந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அழுகல் தக்காளி என்று சொல்லியிருந்தேன். இப்போது அவர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பதறியிருக்க வேண்டும், பதறவில்லை, ஒரு பக்கம் பிள்ளையையும் ஒரு பக்கம் புருஷனையும் வைத்து, அரிசியும் பருப்பும் நிறுக்கிற மாதிரி நிறுத்துப் பார்த்தேன். ஏற்றினால் இவர் போய்விடலாம். ஏற்றாவிட்டால் அவள் சீப்பும் பேரும் மட்டும்தான் என்றைக்கும். தட்டு எந்தப் பக்கமும் சாயவில்லை. அவருக்கும் சாயவில்லை போல. பாதி வைப்போமா என்று கேட்டார். சரி என்றேன். ஐந்து என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஜெபசிங் சர்ச் சட்டையோடேயே வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, அந்தச் சொல்லை ஆரம்ப வரியில் சேர்த்து எழுதி, எழுத்துக்கு எழுத்து போனோடு ஒத்துப் பார்த்து, கட்டத்தை வெச்சிட்டுச் சொல்லுங்கக்கா, நான் என்டர் தட்டுனா அணைஞ்சு எந்திரிக்கும், அவ்வளவுதான் என்றான். மற்ற வீட்டுக்காரர்கள் அவரவர் வாசலில் நின்றார்கள், ஆவுடை கட்டுப் போட்ட காலைக் குழாய் மேடையில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் மேலே ஏற்றுகிற பட்டனை அழுத்தினேன்.

இரண்டில் சாக்கடை நாற்றம் வந்தது. மூன்றில் எனக்குக் கண்ணில் மிளகாய்ப் பொடியை அள்ளிப் போட்ட எரிச்சல், மாசி முழுக்கச் சேர்த்து வைத்த எரிச்சல். நாலில் ஆவுடை காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள், அலறிக்கொண்டே மாடசாமியின் மருமகளின் மூன்று தலைமுறையை இழுத்தாள், அந்தப் பெண்ணும் நின்ற இடத்திலிருந்தே ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தாள், மூன்றாம் வீட்டுக்காரன் வேலை போனதை அப்போதுதான் கேள்விப்பட்டவனாக வாசற்படியில் உட்கார்ந்தான். யாரும் எங்களை நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் முறையல்லவா.

ஐந்தில் அவள் குரல் வந்தது. நான் அடித்து முடித்த கேள்வித்தாளை அவள்தான் பிழை பார்க்கச் சத்தமாக வாசிப்பாள், அதை எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டு, கேள்வி ஏழு, ரெண்டு மார்க், தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று வாசித்துவிட்டு, எட்டாவதோடு படிப்பை விட்ட அப்பாவைக் கூப்பிட்டு, சொல்லுப்பா, எத்தனை என்பாள். இவர் மரத்தைப் பார்க்கிற மாதிரி கூரையைப் பார்த்து யோசித்து, ரெண்டு ரூமு ஒரு அடுப்படி என்பார். அவள் சிரிப்பாள். விக்கல் வருகிற வரைக்கும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது, இவருக்கும் கேட்டிருக்கிறது, என் மணிக்கட்டை விட்டுவிட்டார்.

ஐந்து ஆச்சு, போதும் என்று ஜெபசிங்கிடம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் என்னைத் தள்ளிவிட்டு, அந்தத் தடித்த விரலால் தானே அழுத்தினார். ஆறு. வேண்டாம், பேசினபடி ஐந்து என்றேன். ஏழு. இன்னும் கொஞ்சம் கேக்கட்டும் வேலு, இன்னும் கொஞ்சம் என்றார். எட்டில் சிரிப்போடு சேர்ந்து காய்ச்சலும் வந்தது, அவள் நெற்றியின் சூடு என் உள்ளங்கையில் வந்தது, நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன், மரம் தூக்குகிற கை அது, என்னால் அசைக்க முடியவில்லை. ஒன்பது. பத்து. பத்துக்கு மேல் கட்டம் இல்லையென்று தெரியாமல் அவர் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தண்ணி கேட்டா வேலு," என்றார். "ஆஸ்பத்திரில நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த. அப்பா தண்ணின்னா. இப்பக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. இரு மக்கா, தாரேன்னேன். மறுபடியும் கேட்டா. மறுபடியும் இரு மக்கான்னேன். அப்புறம் கேக்கல."

அவர் அழாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததெல்லாம் இதற்குத்தான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்குக் கேட்டால் அழகாகச் சொல்லுவேன். அன்றைக்குப் பத்தில் நின்றேன்.

"ஒரு வாய் குடுத்திருக்கலாமேய்யா," என்று இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் குத்தினேன்.

"ஆமா," என்றார். "குடுத்திருக்கலாம்."

அதற்கப்புறம் அவர் அழுதார். நான் குத்தினேன், அழுதேன், குத்தின கையாலேயே அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன், விட்டால் ரயில்வே கேட்டுக்குப் போய்விடுவார் என்று பயம், அத்தனை மாசத்துக்கப்புறம் எனக்கு வந்த முதல் பயம் அது. முற்றத்தில் ஆறு வீட்டுக்காரர்களும் அவரவர் துக்கத்துக்கு அழுதுகொண்டிருந்தார்கள், மாடசாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஜெபசிங்குக்கு என்ன துக்கமோ, நான் இன்றுவரை கேட்டதில்லை, அவன் தோளும் குலுங்கியது.

இப்படியே வெச்சிரலாமா அண்ணாச்சி என்று அவன் கேட்டான். இவர் என் தலைக்குமேல் முகத்தை வைத்துக்கொண்டு, வை என்றார். அவன் என்டரைத் தட்டினான். லேப்டாப் அணைந்தது, இருட்டில் கொஞ்ச நேரம் கிடந்தது, முனகிக்கொண்டு எழுந்தது, எழுத்தெல்லாம் அதனதன் அளவில் வந்து நின்றது. அவன் டேப்பை உரித்துவிட்டு வெளிச்சத்தைக் குறைக்கிற பட்டனை ஒரு தடவை அழுத்தினான். திரை மங்கியது. இன்னொரு தடவை அழுத்தினான், இன்னும் மங்கியது, என் கண்ணுக்கு இதமாக ஆனது. நாங்கள் அழுதுகொண்டே இருந்தோம்.

"சரியாயிருச்சுக்கா," என்றான் அவன், மூக்கைச் சிந்திக்கொண்டே.